பழைய பிரிட்டிஷ் மாடல் ரயில்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பி, அதைச் செய்தது யார், ஏறக்குறைய எந்தக் காலம் என்று பாருங்கள். தண்டவாளத்திலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொண்டுபோக ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழியைக் கையாண்டது. அந்த வழி தெரிந்தால் பாதிப் பழுது மேஜையிலேயே பிடிபடும். தெரியாமல் திறந்தால், நன்றாக இருப்பதையும் சேர்த்துக் கெடுத்துவிடுவோம்.

இங்கே பேசுவது ஓஓ அளவு மாடல்களைப் பற்றி. அசலில் 1 அடி மாடலில் 4 மி.மீ., அதாவது ஏறக்குறைய 76இல் 1 பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., மின்சாரம் 12 வோல்ட் டி.சி. பழைய இன்ஜின்களில் பெரும்பாலானவை கீழே உள்ள நான்கு குடும்பங்களில் ஒன்றில் அடங்கும்.

லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் மெக்கானோ கம்பெனி 1938இல் தொடங்கிய ஹார்ன்பி டப்ளோ முதல் குடும்பம். நிஜ 'மல்லார்ட்' இன்ஜின் மணிக்கு 126 மைல் ஓடி நீராவிச் சாதனை படைத்ததும் அதே ஆண்டுதான். டப்ளோவின் முதல் பெரிய இன்ஜினான 'சர் நைஜல் கிரெஸ்லி'யும் மல்லார்டின் ஏ4 வகையே. 1959 வரை டப்ளோ மூன்று தண்டவாள முறை. நடுத் தண்டவாளம் ஒரு முனை, வெளியிலிருக்கும் இரண்டும் சேர்ந்து மறுமுனை.

இரண்டாவது, ட்ரையாங். 1950இல் ரோவெக்ஸ் கம்பெனி செய்த 'பிரின்சஸ் எலிசபெத்'தில் தொடங்கிய வரிசை, பிறகு மார்கேட் தொழிற்சாலையில் பெருகியது. தொடக்கம் முதலே இரண்டு தண்டவாளம். ஒரு பக்கச் சக்கரங்களிலிருந்து ஒயர் வழியாகவும், மறுபக்கச் சக்கரங்களிலிருந்து இன்ஜினின் உலோகச் சட்டம் வழியாகவும் மின்சாரம் போகும். எக்ஸ்04 என்ற மோட்டார் இவர்களுடையது.

மூன்றாவது, 1970களிலிருந்து வந்த ஹார்ன்பியின் டெண்டர் மோட்டார் இன்ஜின்கள். மோட்டார் இன்ஜினில் இருக்காது, பின்னால் வரும் நிலக்கரி டெண்டரில் இருக்கும். இன்ஜின் ஒரு தண்டவாளத்திலிருந்தும் டெண்டர் மறு தண்டவாளத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும்.

நான்காவது, 1976இல் மெயின்லைன் என்ற பெயரில் வந்த இன்ஜின்களும், பிறகு அதே பாணியில் வந்த பாக்மன் இன்ஜின்களும். இவற்றில் சட்டமே இடம், வலம் என இரண்டாகப் பிளந்திருக்கும். இடப்பாதி ஒரு முனை, வலப்பாதி மறுமுனை. சக்கரத்திலிருந்து அச்சு, அச்சிலிருந்து சட்டம், அங்கிருந்து மோட்டார் என்று மின்சாரம் போகும். ஒயரே இல்லாத மாடல்கள்கூட உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய இன்ஜினோடு அதே வயதுடைய கன்ட்ரோலரும் வந்திருந்தால் அதை வீட்டு மின்சாரத்தில் செருகாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் உறை பொடிந்துபோய் ஒயர் வெறுமையாக இருக்கலாம். சோதனைக்குப் புதிய கன்ட்ரோலர்தான் சரி.

தண்டவாளத்தில் வைத்ததுமே ஷார்ட்

கன்ட்ரோலரின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, மற்ற இன்ஜின்களும் நின்றுவிடுகின்றன. இன்ஜின் டப்ளோ என்றால் முதலில் அடியில் பாருங்கள். நடுவில் ஒரு தொடுதகடு தொங்கினால் அது மூன்று தண்டவாள இன்ஜின். அதன் சக்கரங்கள் முழு உலோகம். இரு பக்கத்துக்கும் நடுவே மின்காப்பு கிடையாது. இரண்டு தண்டவாளத்தில் வைத்தால் ஷார்ட் ஆவது அதன் இயல்பு, பழுது அல்ல. மூன்று தண்டவாளப் பாதை நாலு துண்டு வாங்கி அதில் ஓட்டிப் பாருங்கள். சக்கரத்தை மாற்றி இரண்டு தண்டவாளத்துக்குக் கொண்டுவரலாம், பலர் செய்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை அப்படி மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ட்ரையாங் என்றால் எக்ஸ்04 மோட்டாரின் பிரஷ் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஹேர்பின் மாதிரி ஒரே கம்பி. அதன் இரண்டு கைகளும், மோட்டாருக்குள் மின்சாரம் கொண்டுபோகும் இரண்டு கார்பன் பிரஷ்களை அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு கையில் மட்டும் சின்னதாக ஒரு குழாய் உறை மாட்டியிருக்க வேண்டும். அந்த உறைதான் ஒரு பிரஷைச் சட்டத்திலிருந்து பிரித்துவைக்கிறது. அரிசி அளவுகூட இல்லாத பொருள். முன்பு யாரோ பிரஷ் மாற்றும்போது அது தெறித்து விழுந்திருக்கும், கவனித்திருக்க மாட்டார்கள். மெல்லிய ஒயரின் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு துண்டு வெட்டி மாட்டினால் போதும். ஒயர் வந்து சேரும் பக்கத்துக் கையில்தான் மாட்ட வேண்டும்.

உறை இருந்தும் ஷார்ட் என்றால், சக்கரத்தை யாராவது திருப்பிப் போட்டிருக்கலாம். காப்புள்ள சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் வர வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சட்டத்திலும் மறுமுனையைச் சக்கர விளிம்பிலும் வைத்துப் பார்த்தால் எது தப்பு என்று தெரிந்துவிடும். டி.வி.யில் இரைச்சல் வராமலிருக்கப் பழைய இன்ஜின்களில் ஒரு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அதுவும் சில நேரம் உள்ளே ஷார்ட் ஆகும். ஒரு காலை மட்டும் சால்டரிலிருந்து கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

இந்த இன்ஜின்களில் டிஜிட்டல் கட்டளைப்படி மோட்டாரை ஓட்டும் டீகோடர் போட நினைப்பவர்களுக்கும் இதே பாடம்தான். எக்ஸ்04இல் ஒரு பிரஷ் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். இரண்டு பிரஷ்களையும் சட்டத்திலிருந்து முழுவதுமாகப் பிரிக்காமல் டீகோடரை இணைத்தால் அது அந்த நொடியே கருகிவிடும்.

அசைவும் இல்லை, சத்தமும் இல்லை

9 வோல்ட் பேட்டரியில் இரண்டு ஒயர் எடுத்து நேரே பிரஷ்களைத் தொடுங்கள். மோட்டார் சுற்றினால் அது நன்றாக இருக்கிறது, மின்சாரம் வரும் வழியில்தான் குறை. சுற்றாவிட்டால் மோட்டாரைக் கவனியுங்கள்.

வழியில் குறை என்றால் ட்ரையாங்கில் சக்கரத்தைத் தொடும் தகடு வளைந்து விலகியிருக்கும். மெல்ல வளைத்துவிடுங்கள். சக்கரத்தைத் தொட வேண்டும், ஆனால் பிரேக் பிடிக்கக் கூடாது. டெண்டர் மோட்டார் மாடலில் இன்ஜினையும் டெண்டரையும் இணைக்கும் கொக்கியைப் பாருங்கள். பல மாடல்களில் மின்சாரம் அந்தக் கொக்கியும் அதன் ஊசியும் தொடும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த இடம் கறுத்திருந்தால் மோட்டாருக்கு ஒன்றும் வராது. கண்ணாடி நார்ப் பேனாவால் பளபளவென்று தேய்த்துவிட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். பிளந்த சட்டத்து மெயின்லைனில் அச்சு உட்காரும் பள்ளங்களில் எண்ணெயும் கரியும் கெட்டியாகியிருக்கும். கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

மோட்டாரில் குறை என்றால் முதலில் பிரஷ் நீளத்தைப் பாருங்கள். தேய்ந்து குட்டையாகிப்போன பிரஷை ஸ்பிரிங் எட்டாது. பிறகு கம்யூட்டேட்டர், அதாவது பிரஷ்கள் உரசும் பாகம். எக்ஸ்04இல் அது மூன்று செம்புத் துண்டுகள். அவற்றின் இடுக்குகளில் கார்பன் தூள் அடைந்திருக்கும். பல்குச்சியால் கிளறி எடுத்து, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், கீறல் விழுந்தால் பிரஷை அதுவே தின்றுவிடும். கடைசியாக மீட்டரால் மூன்று துண்டுகளையும் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் சுருள் கம்பி அறுந்திருக்கிறது அல்லது எரிந்திருக்கிறது. அப்போது சுருள்கள் சுற்றிய ஆர்மேச்சரையே மாற்ற வேண்டும்.

உறுமுகிறது, சூடாகிறது, ஆனால் வேகம் இல்லை

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருப்பது முதல் காரணம். விரலால் மோட்டார் தண்டைச் சுற்றிப் பாருங்கள், கனமாக இருந்தால் கழுவி எடுங்கள். புது எண்ணெய் ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு சொட்டுக்குமேல் வேண்டாம். பிளாஸ்டிக்கைப் பாதிக்காத எண்ணெயாகவும் இருக்கட்டும். துரு நீக்கும் ஸ்பிரேயை மட்டும் மோட்டாருக்குள் அடிக்காதீர்கள். அன்றைக்கு ஓடும், பிறகு அழுக்கையெல்லாம் இழுத்துப் பசையாக்கிவிடும்.

கழுவிய பிறகும் அப்படியே இருந்தால் காந்தம் தளர்ந்திருக்கிறது. இரும்போடு நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்த அந்தக் காலத்துக் காந்தங்கள் வயதாக ஆக, தட்டுப்பட, கழற்றப்பட வலு இழக்கும். காந்தம் தளர்ந்தால் மோட்டார் அதிக மின்சாரம் குடித்துக் குறைவாக வேலை செய்யும், அதனால்தான் சூடு. எக்ஸ்04இல் காந்தத்தை அதன் இரும்புத் தகடுகளிலிருந்து வெறுமனே உருவி எடுத்தாலே வலு குறையும். ஆகவே சுத்தம் செய்கிற சாக்கில் அதைக் கழற்றாதீர்கள். தளர்ந்ததைத் திரும்பக் காந்தமேற்றித் தருபவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். அதே இடத்தில் உட்காரும் நியோடிமியம் காந்தமும் கிடைக்கிறது. அதைப் போட்ட பிறகு அதே மோட்டார் மெதுவாக ஊர்வதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

சூட்டுக்கு மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. ஒரு பழைய டேங்க் இன்ஜினுக்குப் பிரஷ், ஸ்பிரிங், எண்ணெய் எல்லாம் மாற்றினேன், ஒரு மாதம் ஆனது. கடைசியில் பின் அச்சில் கம்பள நூல் ஒன்று இறுகச் சுற்றியிருந்தது தெரிந்தது. அச்சின் நிறத்திலேயே இருந்ததால் கண்ணில் படவில்லை. அந்த இன்ஜின் பல வருடம் யார் வீட்டுத் தரையிலோ ஓடியிருக்கிறது. இப்போது எந்த இன்ஜின் வந்தாலும் முதலில் பூதக்கண்ணாடியும் ஊசியும் எடுத்து அச்சுகளைத்தான் பார்க்கிறேன்.

நொண்டி நொண்டி ஓடுகிறது

ஒரு சுற்றுக்கு ஒருமுறை தடுமாறினால் கோளாறு சக்கரத்திலோ அச்சிலோ இருக்கிறது. மோட்டார் அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றுவதால், மோட்டார் கோளாறு வேகமான அதிர்வாகத்தான் தெரியும். பக்கவாட்டு இணைப்புத் தண்டுகளைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். சீராகச் சுற்றினால் தண்டுகள் வளைந்திருக்கின்றன, இல்லையென்றால் சக்கரங்களின் கோணம் தவறியிருக்கிறது.

கோணம் என்றால் இதுதான்: இடப்பக்கச் சக்கரத்தில் தண்டு மாட்டும் ஊசி மேலே நிற்கும்போது வலப்பக்க ஊசி 90 டிகிரி தள்ளி நிற்க வேண்டும், எல்லா அச்சிலும் ஒரே மாதிரி. ஒரு அச்சு கொஞ்சம் நழுவினாலும் தண்டு இறுகும்.

மெயின்லைனுக்கும் பழைய பாக்மனுக்கும் இதுவே தீராத தலைவலி. இடம் வலம் பிரிய வேண்டும் என்பதற்காக அச்சின் நடுவில் பிளாஸ்டிக் குழல் வைத்து, இருபுறமும் உலோக முனைகளைச் செருகியிருப்பார்கள். வருடங்கள் போகப் போக அந்தக் குழல் நீளவாக்கில் விரிசல் விடும், சக்கரம் தன் போக்கில் திரும்பிக்கொள்ளும். உடனடி பசை ஊற்றி ஒட்டலாம் என்று தோன்றும். வேண்டாம், அது சில நாள் தாங்கும், அவ்வளவுதான். மாற்றுக் குழலும் கியரும் கிடைக்கின்றன, அதையே போடுங்கள். மாட்டும்போது சக்கரக் கோணத்தைக் கண்ணால் ஒத்துப்பார்த்து, தண்டை மாட்டி, விரலால் உருட்டி, எந்த இடத்திலும் பிடிக்கவில்லை என்று உறுதியான பிறகு மூடுங்கள்.

பாயிண்டில் மட்டும் நிற்கிறது

தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்தாகிவிட்டதா? ஆகிவிட்டது என்றால் குறை இன்ஜினின் நீளத்தில். பாயிண்டில், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை பிளாஸ்டிக்காக இருந்தால் அங்கே மின்சாரம் இல்லை. நான்கு சக்கரக் குட்டி இன்ஜின் அந்த இடைவெளியிலேயே நின்றுவிடும். டெண்டர் மோட்டார் மாடல்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு, ஏனென்றால் ஒவ்வொரு பாதியும் ஒரு பக்கத்தில் மட்டுமே மின்சாரம் எடுக்கிறது. டெண்டரிலும் எதிர்ப்பக்கத் தொடுகம்பி ஒன்று கூடுதலாக வைத்து, மெல்லிய ஒயரால் இன்ஜினோடு இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சக்கரம் சுழல்கிறது, ரயில் நகரவில்லை

டெண்டர் மோட்டார் இன்ஜின்களில் சில சக்கரங்களுக்கு ரப்பர் வளையம் உண்டு. அது காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், மாற்றுங்கள். பழைய ட்ரையாங்கில் சில இன்ஜின்கள் காந்தத்தின் இழுப்பால் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. பாதை இரும்பாக இருந்தால்தான் அது வேலை செய்யும். இன்றைய நிக்கல் சில்வர் பாதையில் காந்தம் ஒட்டாது, அந்த இழுவை அப்படியே போய்விடும். பாய்லருக்குள் ஈயத் துண்டு வைத்து எடை கூட்டலாம்.

ஆனால் இன்ஜினைக் குறை சொல்வதற்கு முன் பெட்டிகளைத் தனியே சோதியுங்கள். பலகையைச் சற்றே சாய்த்துப் பெட்டியை விடுங்கள். தானாக உருளவில்லை என்றால் குற்றவாளி பெட்டிதான். கூர்முனை அச்சு உள்ள போகிகளில் (பெட்டியை அல்ல, சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தையே இங்கே போகி என்கிறேன்) முனை உட்காரும் குழி தேய்ந்தோ அழுக்கேறியோ இருக்கும். பிரிட்டிஷ் பெட்டிகளில் பரவலாக உள்ள 26 மி.மீ. நீள உலோகச் சக்கரத் தொகுதி போட்டால் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். பழைய பிளாஸ்டிக் சக்கரங்கள் அழுக்கைத் தண்டவாளம் முழுக்கப் பூசிக்கொண்டே போகும், அந்தத் தொல்லையும் அதோடு தீரும்.

தடம் புரள்கிறது

எங்கே புரள்கிறது என்று கவனியுங்கள். எப்போதும் ஒரே இடம் என்றால் பாதையில் கோளாறு. எங்கே வேண்டுமானாலும் புரள்கிறது, ஆனால் ஒரே பெட்டிதான் என்றால் அந்தப் பெட்டியில்.

பெட்டியின் இரண்டு சக்கரங்களின் உள்பக்கங்களுக்கு இடையே அளவுகோலை வையுங்கள். இன்றைய பாதைக்கு 14.4 முதல் 14.5 மி.மீ. வரை இருக்க வேண்டும். பழைய மாடல்களில் அது குறைவு, விளிம்பும் தடிமன். அதனால் பாயிண்டின் தடுப்புத் தண்டவாளத்தில் ஏறிக்கொள்ளும். விளிம்பின் ஆழம் இன்னொரு சங்கடம். நிஜ ரயிலின் சக்கர விளிம்பு சுமார் 3 செ.மீ., அதை 76ஆல் வகுத்தால் அரை மி.மீ.கூட வராது. பழைய ட்ரையாங், லிமா கம்பெனிகளின் சக்கரங்களில் அது பல மடங்கு ஆழம். 0.1 அங்குல உயரமுள்ள கோட் 100 தண்டவாளத்தில் தாராளமாக ஓடும். கோட் 75இல் தண்டவாளத்தைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கண்ணிகளில் இடித்துக்கொண்டு கடகடவென்று போகும். பழையதைச் சேர்ப்பவர்கள் கோட் 100 போடுவதே நல்லது.

எடையும் முக்கியம். அச்சுக்கு 25 கிராம் என்பது பலர் கைக்கொள்ளும் கணக்கு. நான்கு அச்சுப் பெட்டிக்கு 100 கிராம். வளைவில் மட்டும் உள்பக்கம் சாய்ந்து விழும் பெட்டி பெரும்பாலும் எடை குறைந்ததாகத்தான் இருக்கும்.

பெரிய இன்ஜின் வளைவில் புரண்டால் வளைவை அளந்து பாருங்கள். ஹார்ன்பியின் முதல் வளைவு ஆரம் 371 மி.மீ., இரண்டாவது 438 மி.மீ. இரண்டாவதை நிஜ அளவுக்குப் பெருக்கினால் சுமார் 33 மீட்டர்தான் வரும். எந்த எக்ஸ்பிரஸ் இன்ஜினும் அதில் திரும்ப முடியாது. மாடல்காரர்கள் நடுச் சக்கரத்தின் விளிம்பை எடுத்தும், முன் போகியை வெளியே ஆடவிட்டும் அதைச் சாதித்தார்கள். ஆகவே முன் போகியின் ஸ்பிரிங் தொலைந்திருந்தால் இன்ஜின் கட்டாயம் புரளும்.

பெட்டிகள் நடுவழியில் கழன்றுகொள்கின்றன

கொக்கிகளின் உயரத்தை ஒப்பிடுங்கள். ட்ரையாங்கின் கொக்கிக்கும் டப்ளோவின் கொக்கிக்கும் ஒத்துப்போகாது. டப்ளோவைச் செய்த மெக்கானோ 1964இல் ட்ரையாங்கின் தாய்க் கம்பெனியிடம் போனபோது இந்தச் சிக்கல் அவர்களுக்கே வந்தது. ஒரு முனையில் ஒரு கொக்கி, மறுமுனையில் மற்றொன்று வைத்த மாற்று வேகன்களை அவர்களே விற்றார்கள். நீங்களும் ஒரு மலிவான வேகனில் அப்படிச் செய்துகொள்ளுங்கள், அசல் பெட்டிகளின் கொக்கியை அறுக்க வேண்டாம்.

வளைந்த உடல், விரிசல் விட்ட உலோகம்

1950களின் தொடக்கத்து ரோவெக்ஸ், ட்ரையாங் உடல்கள் சில செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. சுருங்கும், வாழைப்பழம் போல வளையும். வினிகர் வாசனை வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது. வெந்நீரில் போட்டு நிமிர்த்தாதீர்கள். காற்றோட்டமான இடத்தில், மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள், அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

துத்தநாக வார்ப்பு வீங்கி வெடித்திருந்தால் வேறு கதை. வார்க்கும்போது கலந்த மிகச் சிறிய அளவு ஈயம் உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. போருக்கு முந்தைய வார்ப்புகளில் இது அதிகம். மருந்து கிடையாது. அடுத்த மாடலுக்குத் தொற்றவும் தொற்றாது. வீங்கிய சட்டத்தில் சக்கரத்தை வலுவில் உருட்டினால் கையோடு உடைந்துவரும். ஈரமில்லாத அலமாரியில் அப்படியே வையுங்கள், அல்லது மாற்றுச் சட்டம் தேடுங்கள்.

நன்றாக ஓடுகிறது, ஆனால் பார்க்கப் பொருந்தவில்லை

இதையும் நான் பழுது என்றே எடுத்துக்கொள்கிறேன். பெட்டிகள் இன்ஜினைவிடக் குட்டையாகத் தெரிந்தால் அளந்து பாருங்கள். லிமா முதலில் பிரிட்டிஷ் ரயில்களை 87இல் 1 பங்கு ஹெச்ஓ அளவில் செய்தது, பிறகுதான் ஓஓவுக்கு வந்தது. வேறு சில பழைய பெட்டிகள் வளைவுக்காக நீளம் குறைக்கப்பட்டவை. இன்ஜினியர் கிரெஸ்லி வடிவமைத்த தேக்குப் பெட்டி 61 அடி 6 அங்குலம், மாடலில் 246 மி.மீ. வர வேண்டும். பிரிட்டிஷ் ரயில்வேஸின் மார்க் 1 பெட்டி சுமார் 64 அடி, மாடலில் ஏறக்குறைய 256 மி.மீ.

நிறமும் காலமும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். 1923 முதல் 1947 முடிய நான்கு பெரிய கம்பெனிகள், 1948 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் ரயில்வேஸ். சிவப்பும் கிரீமும் கலந்த பெட்டிகள் 1949இல் வந்தன, 1956இல் மெரூன் வந்தது. சக்கரத்தின் மேல் ஏறி நிற்கும் சிங்கச் சின்னம் உள்ள இன்ஜினுக்கு அந்தச் சிவப்பு கிரீம் பெட்டிகள் பொருந்தும். பிரிட்டிஷ் ரயில்வேஸ் எண் போட்ட பெட்டிகளின் முன்னால் எல்என்இஆர் (அந்த நான்கு கம்பெனிகளில் ஒன்று) நீல நிற ஏ4 நிற்கிறதென்றால், இன்ஜினைத் தொடாதீர்கள், தேக்குப் பெட்டி நான்கு தேடிப் பிடியுங்கள்.